ஒரே 32,000 சம்பளம், இரண்டு சிலிப்: சங்கம் இருந்தால் இருபது வருடத்தில் வீட்டில் என்ன மிஞ்சும்?

#1 ஒரகடம்_பி_ஷிஃப்ட்

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு உதிரிபாகக் கம்பெனி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் நிரந்தர ஆபரேட்டருக்கு மொத்தம் 32,000. ஒன்றில் தொழிற்சங்கம் இருக்கிறது, அக்ரிமென்ட் (சம்பள ஒப்பந்தம்) ஓடுகிறது. இன்னொன்றில் ஒர்க்ஸ் கமிட்டியோடு (நிர்வாகமும் தொழிலாளர் பிரதிநிதிகளும் உட்காரும் ஆலைக் குழு) சரி.

சிலிப் அ (சங்கம் உள்ளது): அடிப்படை 14,000, பஞ்சப்படி 8,000, வீட்டு வாடகைப்படி 5,000, மற்ற படிகள் 5,000. பி.எஃப். (வைப்புநிதி) 22,000-க்கும் பிடிக்கிறார்கள்.

சிலிப் ஆ (சங்கம் இல்லை): அடிப்படை 10,000, வாடகைப்படி 5,000, ஸ்பெஷல் அலவன்ஸ் 12,000, மற்றவை 5,000. பி.எஃப். 15,000-க்கு மட்டும்.

கையில் வாங்குவது ஆ-வில்தான் கூடுதல். அதைக் காட்டித்தான் புதுப் பையன்கள், "சந்தா கட்டி என்னத்தைக் கண்டீங்க" என்கிறார்கள். 20 வருடம் கழித்து இந்த இரண்டு குடும்பத்திடமும் என்ன இருக்கும்? கொடி, கட்சி எதுவும் வேண்டாம். கணக்குத் தெரிந்தவர்கள் போடுங்கள்.

---

#2 பஞ்சப்படி_கணக்கு

நல்ல கேள்வி. ஆனால் 32,000-ஐப் பார்க்காதீர்கள். அது எந்தத் தலைப்பில் எவ்வளவு விழுகிறது என்பதைப் பாருங்கள். தொழிலாளி வீட்டுச் சொத்து உருவாகிற இடம் அதுதான்.

முதலில் பி.எஃப். தொழிலாளி 12%, நிர்வாகம் 12%.

அ: 22,000-க்கு 2,640 + 2,640. ஆ: 15,000-க்கு 1,800 + 1,800. நிர்வாகப் பங்கில் 8.33% பென்ஷன் கணக்குக்குப் போகும், ஆனால் அதற்கு 15,000 உச்சவரம்பு இருப்பதால் இரண்டு பேருக்குமே 1,250தான். எனவே அ-வின் கூடுதல் முழுவதும் சேமிப்புக் கணக்கிலேயே நிற்கிறது. மாதம் 840 + 840 = 1,680.

இந்த 1,680 மட்டும் 20 வருடம், இப்போதைய 8.25% வட்டியிலேயே போனால் சுமார் 9.84 லட்சம். சம்பளம் ஒரு பைசா ஏறவில்லை என்ற கஞ்சத்தனமான அனுமானத்தில் போட்ட கணக்கு இது.

அடுத்தது கிராஜுவிட்டி (பணிக்கொடை). கடைசி அடிப்படை + பஞ்சப்படியை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, சேவை வருடத்தால் பெருக்க வேண்டும்.

அ: 22,000 × 15/26 × 20 = 2,53,846.
ஆ: 10,000 × 15/26 × 20 = 1,15,385.

வித்தியாசம் 1.38 லட்சம். கிராஜுவிட்டி முழு சேவைக்கும் கடைசிச் சம்பளத்தில் கணக்காகிறது என்பதை மறக்காதீர்கள். ஓய்வு பெறுவதற்கு முந்தைய கடைசி அக்ரிமென்ட்டில் அடிப்படை 5,000 ஏறினால், அந்த ஏற்றம் பின்னோக்கி 20 வருடத்துக்கும் பலிக்கும். அந்த 5,000-ஐ "ஷிஃப்ட் அலவன்ஸ்", "அட்டென்டன்ஸ் இன்சென்டிவ்" என்று தலைப்பு மாற்றிக் கொடுத்தால் கிராஜுவிட்டியில் ஒன்றும் ஏறாது.

பேச்சுவார்த்தை மேசையில் நிர்வாகம் மொத்தத் தொகையை விட்டுக்கொடுக்கத் தயாராக இருக்கும். அடிப்படையில் சேர்க்கச் சொன்னால்தான் முகம் மாறும். காரணம் மேலே இருக்கிற பெருக்கல்.

---

#3 எச்ஆர்_மேசை

கணக்கில் தப்பில்லை. ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறீர்கள்.

ஒன்று, 9.84 லட்சத்தில் பாதி தொழிலாளியின் சொந்தப் பணம். ஆ-வில் இருப்பவர் அந்த 840-ஐ ஆர்.டி.யில் (வங்கித் தொடர் வைப்பு) போட்டாலும் சேரும். சங்கம் கொண்டுவந்தது என்று சொல்ல முடிவது நிர்வாகப் பங்கான 4.92 லட்சம் மட்டும்.

இரண்டு, போனஸ். போனஸ் சட்டப்படி தகுதி உச்சவரம்பு 21,000. அ-வின் அடிப்படை + பஞ்சப்படி 22,000. அவர் சட்டப்படியான போனஸிலிருந்து வெளியே போய்விட்டார்! ஆ உள்ளே இருக்கிறார். அதை ஏன் சொல்லவில்லை?

மூன்று, 2025 நவம்பர் 21 முதல், பழைய தொழிலாளர் சட்டங்களுக்குப் பதிலாக நான்கு புதிய சட்டத்தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன. படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியமாகவே கணக்காகும். ஆ-வுக்கு அடிப்படை 10,000 என்று சிலிப்பில் இருந்தாலும் கிராஜுவிட்டிக்குக் குறைந்தது 16,000. 16,000 × 15/26 × 20 = 1,84,615. 1.38 லட்சம் என்று நீங்கள் காட்டிய இடைவெளி 69,000-க்கு வந்துவிட்டது. இதைச் சங்கம் செய்யவில்லை, சட்டம் செய்தது.

நான்கு, லாபம் பார்க்கிற பெரிய ஆலையில்தான் சங்கம் நிலைக்கிறது. அங்கே சம்பளம் எப்படியும் கூடத்தான் இருக்கும். ஆலையின் பலனைச் சங்கத்தின் பெயரில் எழுதுகிறீர்கள்.

---

#4 பஞ்சப்படி_கணக்கு

முதல் மூன்றும் சரி, நான்காவது பாதி சரி.

ஆர்.டி. விஷயம்: போட்டால் சேரும்தான். சிலிப்பிலேயே பிடித்துவிட்டால் பண்டிகை, காதுகுத்து, மச்சினன் கல்யாணம் எதுவும் அதைத் தொட முடியாது. கையில் வந்த 840 எத்தனை வீட்டில் 20 வருடம் ஆர்.டி.க்குப் போகும்? இதை மனிதர்களின் பலவீனம் என்று சொன்னாலும் பரவாயில்லை, சொத்துக் கணக்கு அந்தப் பலவீனத்தையும் சேர்த்துத்தான் போட வேண்டும்.

போனஸ்: இது நிஜமான பொறி. அடிப்படையை ஏற்றிக்கொண்டே போகும் சங்கம், 21,000-ஐத் தாண்டும் வருடத்தில் அக்ரிமென்ட்டில் "எக்ஸ்கிரேஷியா" (சட்டக் கட்டாயம் இல்லாமல் தரும் தொகை) என்று தனி ஷரத்து எழுதி வாங்கவில்லை என்றால், தீபாவளிக்கு வெறுங்கை. "போனஸ் சட்டப்படி வழங்கப்படும்" என்று ஒரே வரி எழுதிக் கையெழுத்துப் போட்ட அக்ரிமென்ட்டுகள் இருக்கின்றன. அந்த வரிக்கு அர்த்தம், தாண்டியவர்களுக்கு எதுவும் கிடையாது என்பதுதான். எழுத வேண்டியது: சட்டத் தகுதி வரம்பைத் தாண்டிய தொழிலாளர்களுக்கும் அதே சதவீதம், இந்த உச்சத்தொகைக்குக் கணக்கிட்டு, எக்ஸ்கிரேஷியாவாக. உச்சத்தொகை எண்ணில் இருக்க வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க: சட்டப்படி கணக்கீட்டு வரம்பு 7,000 அல்லது குறைந்தபட்ச ஊதியம், எது அதிகமோ அது. 7,000-க்கு 8.33% என்றால் வருடம் 6,997 ரூபாய். 20% என்றால் 16,800. ஆ கம்பெனி கொடுப்பது பெரும்பாலும் முதல் எண்தான்.

இ.எஸ்.ஐ.யிலும் (தொழிலாளர் அரசு மருத்துவக் காப்பீடு) இதே கதை. 21,000 தாண்டினால் அந்தப் பங்களிப்புக் காலம் (செப்டம்பர் 30 அல்லது மார்ச் 31) முடியும்வரைதான். அதற்குப் பிறகு குழு மருத்துவக் காப்பீடு இல்லை என்றால், சம்பள உயர்வு முழுவதையும் ஒரே ஒரு பைபாஸ் தின்றுவிடும். அக்ரிமென்ட்டில் பெற்றோரும் சேர்ந்த பாலிசியா, குடும்பத்துக்கு மொத்தம் எவ்வளவு, பிரீமியம் யார் கட்டுவது என்று மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும்.

புதிய ஊதிய வரையறை ஆ-வைக் கொஞ்சம் தூக்கிவிட்டது, மறுக்கவில்லை. ஆனால் அது குறைந்தபட்ச எல்லைதான். சட்டம் பாதி என்கிறது. 32,000-ல் 22,000 என்பது பேசி வாங்கியது.

---

#5 தீர்ப்பாயம்_வாசல்

நான்காவது வாதத்துக்கு வருகிறேன். ஆலைக்கு ஆலை ஒப்பிட்டால் எச்ஆர் சொல்வது போலத்தான் குழம்பும். ஒரே ஆலைக்குள் பாருங்கள்.

தொழிற்தகராறு சட்டம் 1947-ல் இரண்டு வகை ஒப்பந்தம். சமரச அதிகாரி முன்னால் போடும் 12(3) அந்த ஆலையின் எல்லாத் தொழிலாளியையும் கட்டும். உறுப்பினர், உறுப்பினர் அல்லாதவர், நாளை சேரப்போகிறவர் எல்லோருக்கும் பொருந்தும். சமரசம் இல்லாமல் இரு தரப்பும் நேராகப் போடும் 18(1), கையெழுத்திட்ட தரப்பை மட்டும் கட்டும். சட்டத்தொகுப்பு வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டன, ஆலை வாசலில் பேச்சு இன்னும் 12(3), 18(1) என்றுதான்.

ஆக 12(3) போட்ட ஆலையில் சந்தா கட்டாதவனுக்கும் அதே சம்பளம். உறுப்பினர் கார்டு தனியாகக் காசு கொண்டுவருவதில்லை. எத்தனை பேர் கார்டு வைத்திருக்கிறார்கள் என்பதுதான் கொண்டுவருகிறது. புதிய தொழிலுறவுச் சட்டத்தொகுப்பில் இது இன்னும் கறாராகிவிட்டது: ஒன்றுக்கு மேற்பட்ட சங்கம் இருந்தால், வருகைப் பதிவேட்டில் இருப்பவர்களில் 51% ஆதரவு உள்ள சங்கமே பேச்சுவார்த்தைச் சங்கம். யாருக்கும் 51 இல்லையென்றால், 20% ஆதரவாவது உள்ள சங்கங்கள் சேர்ந்து பேச்சுவார்த்தைக் குழு.

"எப்படியும் எனக்கும் வரும்" என்று 100 பேரில் 50 பேர் ஒதுங்கினால், அந்த 51 கிடைக்காது. இலவசமாக வாங்க நினைத்தவர்களே விலையைக் குறைத்துவிடுகிறார்கள்.

சந்தாச் செலவையும் போட்டுவிடலாம். மாதம் 200 என்றால் 20 வருடத்தில் 48,000. அரியர்ஸ் (நிலுவைச் சம்பளம்) வரும்போது ஒரு முறை லெவி (சங்கத்தின் சிறப்பு வசூல்) பிடிப்பார்கள், அது தனி. பணம் எங்கே போகிறது என்று கேட்கத் தயங்க வேண்டாம். சங்கத்தின் கணக்குப் புத்தகத்தையும் உறுப்பினர் பட்டியலையும் பார்வையிட உறுப்பினருக்கு உரிமை இருக்கிறது. பழைய தொழிற்சங்கச் சட்டம் 1926-ல் அது பிரிவு 20, இப்போது தொழிலுறவுச் சட்டத்தொகுப்பில் இருக்கிறது. ரசீது கொடுக்காத சங்கத்தில் சண்டை போட வேண்டியது இந்த உரிமையை வைத்துத்தான்.

---

#6 ஒரகடம்_பி_ஷிஃப்ட்

நன்றி சார். ஹூண்டாயில் 31,000 உயர்வு என்று பேப்பரில் வந்ததே, அந்த மாதிரி எண்ணை எப்படிப் படிக்க வேண்டும்?

---

#7 பஞ்சப்படி_கணக்கு

2024 ஏப்ரல் முதல் 2027 மார்ச் வரை மூன்று வருடம். மாதம் 31,000 உயர்வு. 55%, 25%, 20% என்று மூன்று தவணை. 2025 செப்டம்பரில் அறிவித்தார்கள். இதில் படிக்க வேண்டியது நாலு இடம்.

முதலாவது அந்த 55. முதல் வருடத்திலேயே 17,050 ஏறுகிறது, அது 36 மாதம் வரும். இரண்டாம் தவணை 7,750 என்பது 24 மாதம். மூன்றாவது 6,200 என்பது 12 மாதம். மொத்தம் 6,13,800 + 1,86,000 + 74,400 = 8,74,200. அதே 31,000-ஐ சமமாக மூன்றாகப் பிரித்திருந்தால் 7,44,000. தலைப்பில் ஒரே 31,000, கையில் 1.30 லட்சம் வித்தியாசம். மற்ற ஆலைகளில் "அவங்க 20,000, நாங்க 19,000" என்று மீசை முறுக்குவதற்கு முன்னால் தவணைப் பிரிப்பைக் கேளுங்கள். முன்பக்கம் கனமாக இருக்கும் 19,000, பின்பக்கம் கனமாக இருக்கும் 20,000-ஐ ஜெயிக்கும்.

இரண்டாவது, அந்த உயர்வு சி.டி.சி.யா (ஒரு ஆளுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு), மொத்தச் சம்பளமா. சி.டி.சி. என்று எழுதினால் நிர்வாகத்தின் பி.எஃப். பங்கு, கிராஜுவிட்டி ஒதுக்கீடு, கேன்டீன், பஸ் மானியம் எல்லாவற்றையும் அதற்குள்ளேயே அடைக்கலாம். 10,000 உயர்வு என்று இனிப்பு கொடுத்துவிட்டு, சிலிப்பில் 7,500 ஏறியிருக்கும். அக்ரிமென்ட்டின் முதல் பக்கத்தில் இது இருக்காது, கடைசியில் இணைப்பு அட்டவணையில் இருக்கும். அட்டவணையில் "தற்போது / முதல் ஆண்டு / இரண்டாம் ஆண்டு" என்று பத்திகள் வரும். அடிப்படை என்ற வரியை மட்டும் விரல் வைத்து இடமிருந்து வலம் படியுங்கள். மற்ற வரிகள் பிறகு.

மூன்றாவது அரியர்ஸ். கையெழுத்து தள்ளிப்போனால் மொத்தமாக வரும். பெரிய தொகை, எனவே ஆபத்தும் பெரியது. அரியர்ஸில் அடிப்படை, பஞ்சப்படி பங்குக்கு நிர்வாகம் பி.எஃப். கட்டியாக வேண்டும். பல இடத்தில் "ஒன் டைம் பேமென்ட்" என்று பெயர் மாற்றி இதைத் தவிர்க்கிறார்கள். பெயர் மாறினால் 12% போச்சு. அந்த மாதத்து பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து, வழக்கமான தொகைக்கு மேல் ஒரு பெரிய வரவு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சங்கத்திடம் கேளுங்கள்.

நான்காவது பஞ்சப்படி. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, எனவே கொஞ்சம் நீளமாக.

பஞ்சப்படி இரண்டு வகை. நிலையானது, புள்ளிக்கு ஏறுவது. புள்ளி வகையில் நுகர்வோர் விலைக் குறியீடு ஒரு புள்ளி ஏறினால் இத்தனை ரூபாய் என்று அக்ரிமென்ட்டில் இருக்கும். 2020-ல் குறியீட்டின் அடிப்படை ஆண்டை 2001-லிருந்து 2016-க்கு மாற்றினார்கள். அகில இந்திய அளவில் இணைப்புக் காரணி 2.88. அதாவது புதிய தொடரில் ஒரு புள்ளி என்பது பழைய தொடரில் 2.88 புள்ளி. அக்ரிமென்ட்டில் "புள்ளிக்கு 5 ரூபாய்" என்று பழைய தொடரை வைத்து எழுதியிருந்து, நிர்வாகம் புதிய தொடரில் அப்படியே போட்டால் என்ன ஆகும்? புதிய தொடரில் 10 புள்ளி ஏற்றம், 50 ரூபாய். சரியான கணக்கு 28.8 புள்ளி, 144 ரூபாய். ஒவ்வொரு முறையும் ஏற்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போகிறது, அதுவும் அடிப்படையோடு சேரும் பகுதியில். சென்னை மையத்துக்கு இணைப்புக் காரணி தனி. அக்ரிமென்ட்டில் எந்தக் குறியீடு, எந்த அடிப்படை ஆண்டு, எந்த மையம், எந்த மாதத்து எண் என்று நான்கும் இல்லையென்றால் அது ஓட்டைப் பாத்திரம்.

---

#8 மலைச்சரிவு

வணக்கம். இலங்கை மலையகத்திலிருந்து எழுதுகிறேன். அடிப்படைச் சம்பளத்தைப் பற்றிய உங்கள் வாதத்துக்கு எங்கள் பக்கத்துக் கூட்டு ஒப்பந்தத்தை விடப் பெரிய உதாரணம் கிடையாது.

2016 கூட்டு ஒப்பந்தத்தில் நாட்சம்பளம் 730 ரூபாய் என்று அறிவித்தார்கள். உள்ளே: அடிப்படை 500, வரவுக்கான கொடுப்பனவு 60, விலைக்கான மேலதிகம் 30, உற்பத்தித்திறன் 140. ஊழியர் சேமலாப நிதிக்கு தொழிலாளி 8%, கம்பனி 12%. ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு கம்பனி இன்னும் 3%. இவையெல்லாம் 500-க்குத்தான்.

சேமலாப நிதியில் கம்பனி பங்கை மட்டும் பாருங்கள். 500-க்கு நாளொன்றுக்கு 60. 730-க்கு என்றால் 87.60. மாதம் 25 நாள் பேர் (வேலை நாளாகப் பதிவு) விழுந்தால் வருடத்துக்கு 8,280 ரூபாய் குறை. பணிக்கொடை நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். 30 வருடச் சேவைக்கு 500 கணக்கில் 2,10,000. 730 கணக்கில் 3,06,600 வந்திருக்கும்.

2019-ல் அடிப்படையை 700 ஆக்கி, வரவு, உற்பத்தித்திறன் கொடுப்பனவுகளை எடுத்துவிட்டார்கள். "கையில் வருவது கூடவில்லையே" என்று தோட்டத்தில் கோபம் வந்தது, அதுவும் நியாயம்தான். ஆனால் சேமலாப நிதிக் கணக்கில் அந்த மாற்றம் பெரியது. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை வழியாக 900 + 100 என்று 1,000 வந்தது. அதோடு கம்பனிகளோடு இரண்டு வருடத்துக்கொரு முறை பேசி ஒப்பந்தம் போடும் முறை நின்றுபோனது. சம்பளம் வர்த்தமானியில் வந்தது. ஒரு நாள் பேருக்கு எத்தனை கிலோ கொழுந்து என்பதைத் தோட்டத்தில் துரைமார் (தோட்ட மேலாளர்கள்) முடிவு செய்தார்கள். கிலோ எட்டாதவருக்கு அரைநாள் பேர். நாட்சம்பளம் ஏறி, பேர் குறைந்தால் சேமலாப நிதிக்கு என்ன போகும்?

இன்னொன்று. தோட்டத்தில் சங்கத்தில் இல்லாத குடும்பத்தைத் தேட வேண்டும், அவ்வளவு உறுப்பினர்கள் இருந்த இடம். இருந்தும் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடு) உறுதி (பத்திரம்) இல்லை, காணி (நிலம்) இல்லை. வீட்டுத் திட்டங்களில் 7 பேர்ச் (எங்கள் நில அளவு) காணி கொடுக்கத் தொடங்கியதே அண்மையில்தான். எனவே சங்கம் சொத்தைச் சேர்க்குமா என்று கேட்டால், சம்பளத்தோடு சேர்த்து சங்கம் வேறு எதைப் பேசியது என்று நான் திருப்பிக் கேட்பேன். அடைமானம் வைக்க ஒரு துண்டு உறுதி இல்லாத குடும்பத்துக்கு சேமலாப நிதி ஒன்றுதான் சொத்து. அதையும் அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து வைத்தே தேய்த்தார்கள்.

---

#9 எச்ஆர்_மேசை

மலைச்சரிவு சொன்னது நல்ல தகவல். இப்போது வேலைநிறுத்தச் செலவைப் போடுவோமா? 2024-ல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வெளியே நின்றார்கள். அந்த 37 நாளுக்கு எந்த எக்செல் ஷீட்டில் இடம்?

---

#10 தீர்ப்பாயம்_வாசல்

போடுவோம். 32,000 சம்பளத்துக்கு 37 நாள் என்றால் சுமார் 39,500 இழப்பு. மாதம் 8,000 நிரந்தர உயர்வு வந்தால் ஐந்து மாதத்தில் ஈடாகிவிடும். வராவிட்டால் முழு நஷ்டம். அந்தப் போராட்டத்தின் மையக் கோரிக்கை சங்கத்தின் பதிவும் அங்கீகாரமும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2025 ஜனவரியில் பதிவு கிடைத்தது. அதற்கான பலனை ஒரு வருடச் சம்பள உயர்வில் அளக்க முடியாது.

ஆனால் எச்ஆர் கேட்டதில் ஒரு நியாயம் உண்டு. இழப்பு சம்பளத்தோடு நிற்பதில்லை.

முறையான அறிவிப்பு இல்லாமல் பத்துப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து வேலைக்குப் போகாமல் இருந்தால், ஊதியம் வழங்கல் சட்டத்தில் எட்டு நாள் சம்பளம்வரை பிடிக்க இடம் இருந்தது. ஆலையில் சொல்லும் "ஒரு நாளுக்கு எட்டு நாள்" அதுதான். புதிய தொழிலுறவுச் சட்டத்தொகுப்பில் எல்லாத் தொழிலுக்கும் 14 நாள் முன்னறிவிப்பு கட்டாயம். சமரசப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது இறங்கினால் சட்டவிரோதம். சட்டவிரோத வேலைநிறுத்தம் என்று ஆகிவிட்டால் தொடர்சேவைக் கணக்கிலும் கை வைப்பார்கள். கோபத்தில் கேட்டை மூடிய சங்கம் 39,500-க்கு மேல் இழக்கிறது. தேதி போட்டு நோட்டீஸ் கொடுத்த சங்கம் அதோடு தப்பிக்கிறது.

இன்னொரு ஓட்டை வட்டி. வேலைநிறுத்த மாதத்தில் மாதம் 3 வட்டிக்கு 40,000 வாங்கினால் வட்டி மட்டும் மாதம் 1,200. அசலை அடைக்க ஒரு வருடம் இழுத்தால் 14,400. போராட்ட நிதி வைத்திருக்கும் சங்கமும் வைத்திருக்காத சங்கமும் இங்கேதான் பிரிகின்றன.

மூடல் வந்தாலும் இதே பார்வைதான். ஆட்குறைப்புக்குச் சட்டம் சொல்வது சேவை வருடத்துக்கு 15 நாள் சராசரிச் சம்பளம். 2022-ல் மறைமலை நகர் ஃபோர்டு ஆலை மூடியபோது பேச்சுவார்த்தையில் வருடத்துக்கு 100 நாளுக்கு மேல் போனது. ஒரு தொழிலாளி வாழ்க்கையில் ஒரே முறை கையில் பார்க்கும் பெரிய தொகை அது. அதைத் தனியாளாகப் போய் எச்ஆர் அறையில் பேசி வாங்க முடியாது.

---

#11 சொசைட்டி_லெட்ஜர்

வட்டி என்று வந்துவிட்டதால் சொல்கிறேன். நிரந்தரத் தொழிலாளர்கள் உள்ள பழைய ஆலைகளில் பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம் இருக்கும். மாதாமாதம் பங்குத்தொகையும் சிக்கனச் சேமிப்பும் சம்பளத்திலேயே பிடிப்பார்கள், அதிலிருந்து கடன். 2 லட்சத்துக்கு வருடம் 12% என்றால் வட்டி 24,000. வெளியில் மாதம் 3 வட்டி என்றால் 72,000. வருடத்துக்கு 48,000 வித்தியாசம். பி.எஃப்.பில் கிடைக்கிற கூடுதலை விட இது பெரிது!

கெடுவதும் இங்கேதான். பழைய சட்டத்தில் கூட்டுறவுப் பிடித்தம் சேர்ந்தால் சம்பளத்தில் 75% வரை பிடிக்கலாம் என்று இருந்தது. கையில் கால் பங்கு. புதிய ஊதியச் சட்டத்தொகுப்பில் மொத்தப் பிடித்தமே 50%தான். அந்த 50-க்குள் அடங்காத தவணை நிலுவையாக ஏறும். அடுத்து ஜாமீன். ஒருவருக்கொருவர் மாற்றி மாற்றி ஜாமீன் போடுவது வழக்கம். ஒருவர் வி.ஆர்.எஸ். (விருப்ப ஓய்வு) வாங்கிப் போனால் இன்னொருவர் சிலிப்பில் அவருடைய தவணை விழும். ஜாமீன் கையெழுத்து போடுவதற்கு முன்னால் அவருடைய சிலிப்பைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வெட்கப்பட வேண்டாம்.

பி.எஃப். முன்பணத்தைப் பற்றி ஒரு வரி. எட்டாம் வருடம் எடுக்கும் 1 லட்சம், எடுக்காமல் இருந்தால் இருபதாம் வருடம் 2.59 லட்சம். மனை வாங்க எடுத்தால் கேள்வி இல்லை. பைக் வாங்க எடுத்தால் அந்த பைக்கின் விலை 2.59 லட்சம்.

வங்கி வீட்டுக்கடனும் இதே சிலிப்பில்தான் நிற்கிறது. ஓ.டி.யையும் இன்சென்டிவையும் மேலாளர் கழித்துவிட்டுத்தான் தகுதி போடுவார். நிலையான தலைப்பில் இருப்பதே எண்ணிக்கையில் வரும்.

---

#12 ஒப்பந்தம்_11_மாதம்

எல்லோரும் நிரந்தரத் தொழிலாளியின் சிலிப்பை வைத்தே பேசுகிறீர்கள். அதே லைனில் காண்ட்ராக்ட், டிரெயினி, எஃப்.டி.சி. (குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் எடுத்த ஆட்கள்) எத்தனை பேர் நிற்கிறார்கள்? அ கம்பெனியின் 22,000-ஐ நிர்வாகம் எங்கே சமன் செய்கிறது என்று நினைக்கிறீர்கள்?

---

#13 தீர்ப்பாயம்_வாசல்

கேட்க வேண்டிய கேள்வி, இந்த இழையில் தாமதமாக வந்தது. நிரந்தரமானவர்களுக்கு மட்டும் அக்ரிமென்ட் போட்டுவிட்டு, புதிய ஆள் எடுப்பதை நிறுத்திக்கொள்ளச் சம்மதிக்கும் சங்கம் பத்து வருடத்தில் தன் எண்ணிக்கையைத் தானே கரைத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு 51% எங்கிருந்து வரும்?

தமிழ்நாட்டில் கையில் இருக்கும் கருவி 1981-ம் வருடத்து நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம். 24 நாட்காட்டி மாதங்களில் 480 நாள் வேலை செய்தவர் நிரந்தரம். அதனால்தான் 11 மாதத்தில் ஒரு பிரேக், காண்ட்ராக்டர் பெயர் மாற்றம், புது பி.எஃப். எண். நாள் கணக்கை நிரூபிக்கும் காகிதம் தொழிலாளியிடம் இருக்க வேண்டும்: சம்பளச் சிலிப், கேட் பாஸ், பஸ் பாஸ், பயிற்சிச் சான்று, இ.எஸ்.ஐ. எண், பி.எஃப். பாஸ்புக். யு.ஏ.என். (ஒருவரின் நிரந்தர பி.எஃப். அடையாள எண்) ஒன்றுதான் என்பதால் காண்ட்ராக்டர் எத்தனை மாறினாலும் மாத வாரியாகப் பாஸ்புக்கில் தடம் இருக்கும். மாதாமாதம் பி.டி.எஃப். இறக்கி வையுங்கள்.

எஃப்.டி.சி. ஆட்களுக்குப் புதிய சட்டத்தொகுப்பில் ஒரு வருடம் முடிந்தாலே கிராஜுவிட்டி உண்டு, ஐந்து வருடம் தேவையில்லை. கேட்காமல் யாரும் கொடுக்க மாட்டார்கள்.

---

#14 ஒரகடம்_பி_ஷிஃப்ட்

அடுத்த மாதம் பொதுக்குழு. அக்ரிமென்ட் முடிய எட்டு மாதம் இருக்கிறது. எழுந்து நின்று கேட்க வேண்டியதை மட்டும் சொல்லுங்கள்.

---

#15 பஞ்சப்படி_கணக்கு

உயர்வில் அடிப்படைக்கு எத்தனை சதவீதம் கேட்கப் போகிறோம் என்று முதலில் கேளுங்கள், தொகையை அப்புறம். தவணைப் பிரிப்பு என்ன. 21,000 தாண்டியவர்களுக்கு எக்ஸ்கிரேஷியா ஷரத்து இருக்கிறதா. ஓ.டி. இரட்டிப்பு விகிதத்தில் வருகிறதா, இல்லை காம்ப் ஆஃப் (பதில் விடுப்பு) என்று சமாளிக்கிறார்களா (32,000-க்கு ஒரு மணி 153.85 என்றால் ஓ.டி. 307.70). காண்ட்ராக்டில் 480 நாள் முடித்தவர்கள் பட்டியல் கோரிக்கை மனுவில் ஏறுமா.

கடைசியாக, கிராஜுவிட்டிப் பணம் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். எல்.ஐ.சி. குழு கிராஜுவிட்டி டிரஸ்ட்டில் வருடாவருடம் கட்டுகிறார்களா, இல்லை கணக்குப் புத்தகத்தில் ஒதுக்கீடு என்று எழுத்தில் மட்டும் இருக்கிறதா. கம்பெனி திவால் ஆனால், தனி நிதியில் இருக்கும் பி.எஃப்., கிராஜுவிட்டி பணம் கலைப்புச் சொத்தில் சேராது. தனி நிதியே இல்லையென்றால் அதற்காக வழக்காடிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். வருடாந்திர நிதிச் சான்றிதழின் நகல் சங்கத்துக்கு வர வேண்டும் என்று ஒரு ஷரத்து எழுதுங்கள். இதற்கு நிர்வாகத்துக்கு ஒரு ரூபாய் செலவு கிடையாது, மறுக்கவும் காரணம் இருக்காது.

---

#16 எச்ஆர்_மேசை

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இதில் இரண்டு பக்கத்துக்கும் சண்டை இல்லை. கல்யாணத்துக்கு முன் போட்ட பி.எஃப். நியமனம் கல்யாணத்துக்குப் பிறகு செல்லாது. அம்மா பெயரையோ தம்பி பெயரையோ போட்டுவிட்டு மாற்றாமலே இருப்பவர்கள் நிறைய. சர்வீஸில் இறந்தால் வைப்புநிதி சார்ந்த காப்பீட்டில் 7 லட்சம் வரை வர வேண்டியது, நியமனமும் ஆதார் பெயர் எழுத்தும் ஒத்துப்போகாமல் மாதக்கணக்கில் நிற்கும். பொதுக்குழு அன்றே ஒரு மேசை போட்டு, மடிக்கணினி வைத்து, எல்லோருடைய இ-நாமினேஷனையும் முடித்துவிடச் சொல்லுங்கள். ஆதாரோடு இணைந்த மொபைல் எண், மனைவி, பிள்ளைகள் ஆதார், புகைப்படம், வங்கிப் பாஸ்புக் முதல் பக்கம். ஓ.டி.பி. வரவில்லை என்றால் பாதிப் பேருக்குக் காரணம் பழைய மொபைல் எண்தான், அதை முதல் வாரமே மாற்றச் சொல்லிவிடுங்கள்.